அனாமத்து

எட்டு வருடம் துவாஸில்,
பம்புகளுக்கு ரப்பர் வளையம் செய்யும் கம்பெனியில்.
மாதக் கடைசிக்கு ஒரே அர்த்தம்தான்:
ஐந்தொகையின் இரு பக்கமும்
ஒரே எண்ணில் வந்து நிற்கும்வரை
வீடு கிடையாது.

மார்ச்சில் ஆடிட்டர்கள் வருவார்கள்.
கழுத்தில் புது அட்டை, முதுகில் மடிக்கணினி,
பெரும்பாலும் இருபத்துமூன்று வயது.
இருப்பதிலேயே குளிரான அறையைக் கொடுப்போம்,
தெரிந்தேதான்.
குளிரில் கேள்விகள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பது
எங்கள் மேலாளர் திருவாட்டி கோவின் சித்தாந்தம்.
கேட்டதைக் கொடு
கேட்காததைக் கொடுக்காதே
என்பது இன்னொன்று.

கடைசி வருடம்
நாற்பத்தொரு வெள்ளி அறுபது காசு
எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை.
அனாமத்தில் போட்டேன்.
டிசம்பரில் சில்லறைச் செலவோடு சேர்த்துக் கரைத்தேன்.
மார்ச் முழுக்கக் காத்திருந்தேன்,
பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன்.
யாரும் கேட்கவில்லை.
கையெழுத்துப் போட்டு
பிஸ்கட்டுக்கு நன்றி சொல்லிப் போனார்கள்.

அன்று நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

"எல்லாரும் அங்கிருந்து இங்கே ஓடி வருகிறார்கள்,
நீ எதிர்த்திசையில் போகிறாயே" என்றார் திருவாட்டி கோ.
நாற்பத்தொரு வெள்ளியை அவரிடம் சொல்லவில்லை.
அவர் கேட்கவில்லை அல்லவா.

இப்போது ராபின்சன் சாலை, பத்தொன்பதாம் மாடி.
முப்பத்தைந்து வயதில் முதலாம் ஆண்டு.
சம்பளத்தில் தொள்ளாயிரம் குறைவு.
ஆறு நிமிடத்துக்கு ஒரு கட்டம் என்று
என் நாளையே பேரேடாக்கி நிரப்பச் சொல்கிறார்கள்.
கழிப்பறைக்கு எந்தக் குறியீடு என்று கேட்டேன்.
ஹஃபீஸ் சிரிக்கவில்லை.

ஹஃபீஸ் என் சீனியர். இருபத்தாறு வயது.
ஒருமுறை வாய் தவறி "காக்" என்று கூப்பிட்டு
நாக்கைக் கடித்துக்கொண்டான்.
அதே மாலை என் வேலைத்தாளில்
சிவப்பில் பதினேழு குறிப்புகள்.
ஒன்றுகூட அநியாயமில்லை,
அதுதான் எரிச்சல்.

வருடத்தின் கடைசி இரவு செனோக்கோவில்,
மைனஸ் பதினெட்டில்
உறைந்த இறால் பெட்டிகளை எண்ணினேன்.
பேனா எழுத மறுத்தது. பென்சில் எழுதியது.
தங்கை மரினா பேயிலிருந்து வாணவேடிக்கை அனுப்பினாள்.
நான் பதிலுக்கு இறாலை அனுப்பினேன்.

இன்று மார்ச். காக்கி புக்கிட்.
மின்விசிறி இறக்குமதி செய்யும் நிறுவனம்.
அறைக்குள் நுழைந்ததும் தோளைக் குறுக்கினேன்:
இருபது டிகிரி.
இவர்களுக்கும் ஒரு திருவாட்டி கோ இருக்கிறார்.

கோப்புகளை வைத்துவிட்டு
எதிரில் உட்கார்ந்தாள் சியூ லிங்.
நவம்பர் வரை அனாமத்தில்
இருநூற்றுப் பதின்மூன்று வெள்ளி நாற்பது.
டிசம்பரில் இல்லை.
செத்ததற்கு வவுச்சரும் இல்லை.

"வரம்புக்கு ரொம்பக் கீழே, விட்டுவிடலாம்"
என்றான் ஹஃபீஸ் திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.
சரிதான். வரம்பு அறுபதாயிரம்.
அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.
திரும்பவும் திருப்பினேன்.

"இது எங்கே போனது?"

அவள் விரல் கோப்பின் ஓரத்துக்குப் போனது.
என் விரல் எங்கே போயிருக்குமோ
சரியாக அங்கே.
ஏசி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"நீங்கள் முன்பு கம்பெனியில் இருந்தவரா?"
"துவாஸில். எட்டு வருடம்."
"தெரிகிறது" என்றாள்.
அது பாராட்டா வசையா,
அதற்கு நான் எதிலும் பதிவு போடவில்லை.

எழுந்து போய்
சுவரிலிருந்த ரிமோட்டை அழுத்தினாள்.
பீப். பீப். பீப். பீப்.
பிறகு நாற்காலியை
மேசையைச் சுற்றி என் பக்கம் இழுத்துப் போட்டு,
"நவம்பரில் இல்லை,
செப்டம்பரிலிருந்து பார்க்க வேண்டும்" என்றாள்.

ஹஃபீஸ் கடிகாரத்தைப் பார்த்தான்.
நான் ஒரு கட்டத்தைக்
காலியாக விட்டேன்.